அணுமின்சாரம் வந்தால் மாந்தோப்பு பிழைக்குமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு. படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2024 கோடையில் அப்பாவின் தோப்பில் பூ கருகி, நின்ற பிஞ்சும் உதிர்ந்து, கூழ் ஆலைக்குப் போடக்கூடக் காய் தேறவில்லை. கல்லூரியில் ஆசிரியர் ஒருவர் "நிலக்கரியை விட்டொழிக்க அணுமின்சாரம் ஒன்றுதான் வழி" என்கிறார். விடுதியில் உங்களோடு தங்கியிருக்கும் கூடங்குளம் பக்கத்துப் பையன் "எங்க ஊர்ல வந்து இருந்து பாரு, அப்புறம் பேசு" என்கிறான். யார் பக்கம் நிற்பது என்று கேட்கிறீர்கள்.

நான் தர்மபுரி மாவட்டத்துத் துணைமின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பாக ஓடிக்கொண்டிருக்கும் அணு உலையை அவசரப்பட்டு மூடுவது தவறு. கட்டத் தொடங்கியதை ஒழுங்காகக் கட்டி முடிக்கட்டும். ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் நிலக்கரியைக் குறைக்கிற வேலையைப் புதிய அணு உலைகளை நம்பி ஒப்படைக்க முடியாது, ஏனென்றால் அவை அதற்குள் வந்து சேராது. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். இரண்டு தரப்பும் ஆபத்தைப் பற்றியே மணிக்கணக்கில் பேசிவிட்டு, காலத்தைப் பற்றிப் பேசாமல் எழுந்து போய்விடுகிறார்கள்.

உங்கள் ஆசிரியர் சொல்வதில் உள்ள உண்மையை முதலில் பார்த்துவிடலாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று, சுரங்கம் தோண்டுவதில் தொடங்கி ஆலையைக் கட்டி ஓட்டிக் கடைசியில் பிரித்துப் போடுவது வரை எல்லாவற்றையும் சேர்த்து ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கையில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நடுத்தர மதிப்பாக நிலக்கரிக்கு 820 கிராம், எரிவாயுவுக்கு 490, பெரிய சோலார் பண்ணைக்கு 48, அணுமின்சாரத்துக்கு 12, நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு 11. 'யுரேனியம் தோண்டும்போது புகை வரவில்லையா, அவ்வளவு சிமெண்ட் போடுகிறார்களே' என்று கேட்பவர்கள் உண்டு, அதெல்லாம் இந்த 12க்குள் அடக்கம். ஆகவே வெப்பமயமாதல் என்ற ஒரே தராசில் வைத்தால் அணு, காற்று, சூரியன் மூன்றும் ஒரு தட்டில், நிலக்கரி தனியாக இன்னொரு தட்டில்.

நமக்குப் பக்கத்தில் மேட்டூர் அனல்மின் நிலையம் இருக்கிறது. பழைய நான்கு அலகுகள் 210 மெகாவாட் வீதம் 840, அப்புறம் வந்த 600 மெகாவாட் அலகு ஒன்று. இப்படி ஓர் ஆயிரம் மெகாவாட் நிலக்கரி நிலையம் வருடத்தில் எண்பது சதவீதம் ஓடினால் சுமார் 700 கோடி யூனிட் கிடைக்கும். நம் நாட்டு நிலக்கரியில் அதற்கு 45 முதல் 50 லட்சம் டன் எரிக்க வேண்டும், சாம்பல் மட்டுமே 15 லட்சம் டன்னைத் தாண்டும், கரியமில வாயு 65 லட்சம் டன்னுக்கு மேல். அதே 700 கோடி யூனிட்டைக் கூடங்குளம் மாதிரி உலையில் எடுத்தால் வருடத்துக்கு இருபது, இருபத்தைந்து டன் கழிவு எரிபொருள். அது கொடிய பொருள்தான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அளவில் இருக்கிற இந்த வித்தியாசத்தை யாரும் மறைக்கக் கூடாது.

இரண்டாவது, அணுமின்சாரம் ராத்திரியிலும் வரும். இது சாதாரண விஷயம் கிடையாது. துணைமின் நிலையத்தில் லோடு மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குச் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து மணி வரை என்ன நடக்கும் என்று தெரியும். சூரியன் இறங்கும் நேரத்தில் வீடுகளில் விளக்கும் டிவியும் மிக்ஸியும் ஒன்றாக ஏறும், இப்போது அதோடு ஏ.சி.யும். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. காற்றாலை நம் மாநிலத்தில் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் இருந்தாலும், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று பிடிப்பது மே முதல் செப்டம்பர் வரைதான். மார்ச், ஏப்ரலில் வெயில் கொளுத்தும்போது காற்று கைவிட்டுவிடும். 2012இல் பதினான்கு மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது நீங்கள் சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள், அப்பாவைக் கேளுங்கள், போர்வெல் மோட்டார் எப்போது ஓடும் என்று தோப்பிலேயே படுத்துக் கிடந்த கதையைச் சொல்வார்.

நம் இரண்டு மாவட்டத்துக்கும் இதில் இன்னொரு பங்கு உண்டு. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு இருந்ததால் பல்லில் கறையும், வளைந்த காலுமாக ஒரு தலைமுறை வளர்ந்தது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் பள்ளத்தில் ஓடுகிறது, ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. பென்னாகரம் மேட்டுக்கு அதை ஏற்றி அங்கிருந்து தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அனுப்புவது முழுக்க மின்சாரத்தின் வேலை. கரண்ட் நின்றால் நல்ல தண்ணீரும் நிற்கும். அதனால் 'மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டு எளிமையாக வாழலாம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். குறைக்க வேண்டியவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். பாலக்கோட்டிலும் அரூரிலும் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகத்தான் வேண்டும்.

இவ்வளவு நல்லது இருக்கிறதே, பிறகு ஏன் அணு உலையையே நாடெங்கும் கட்டக் கூடாது?

ஆபத்தைப் பற்றி முதலில், ஆனால் சுருக்கமாக. செர்னோபில் 1986, ஃபுகுஷிமா 2011. முதலாவது மோசமான வடிவமைப்பும் மோசமான நிர்வாகமும் சேர்ந்து நடந்தது, வெளியே கதிர்வீச்சைத் தடுக்கிற கெட்டியான கூண்டு கட்டடம் அங்கே இல்லை. இரண்டாவதில் சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்ததால் உலையைக் குளிர்விக்க முடியாமல் போனது. ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சை விட, அவசரமாக ஊரைக் காலி செய்ததில், முதியவர்களையும் நோயாளிகளையும் இடம் மாற்றியதில் இறந்தவர்கள்தான் மிக அதிகம், இரண்டாயிரத்துக்கு மேல். 2004 சுனாமி கல்பாக்கத்திலும் அடித்தது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள், கதிர்வீச்சுக் கசிவு இல்லை. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எத்தனை உயிர் போகிறது என்று கணக்கிட்டால், நிலக்கரிப் புகையால் ஏற்படும் சாவு அணுமின்சாரத்தை விடப் பல நூறு மடங்கு. ஆனால் அந்தச் சாவு ஆஸ்பத்திரியில் நுரையீரல் நோய் என்று பதிவாகும், செய்தியில் வராது. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15இல் கடைசி மூன்று அணு உலைகளையும் மூடியபோது அங்கே நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எதை முதலில் மூடியிருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எனக்கு அது பெரிய தவறாகத்தான் படுகிறது.

எனவே பயத்தை வைத்து நான் அணு உலையை மறுக்கவில்லை. என் கவலை நேரமும் பணமும்.

கூடங்குளத்தையே எடுத்துக்கொள்வோம். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988. சோவியத் ஒன்றியம் உடைந்து, பேச்சு நின்று, மறுபடி தொடங்கி, 2002இல்தான் கட்டுமானம். முதல் அலகிலிருந்து மின் தொகுப்புக்குக் கரண்ட் வந்தது 2013 அக்டோபர், வணிக உற்பத்தி 2014 டிசம்பர் கடைசி நாள். இரண்டாவது அலகு 2017. ஒப்பந்தத்திலிருந்து முதல் யூனிட் வர இருபத்தைந்து வருடம். போராட்டத்தால் தாமதம் என்று சொல்வார்கள். போராட்டம் உச்சத்தில் இருந்தது 2011, 2012இல், அதனால் போனது சில மாதங்கள். மீதி வருடங்கள் எங்கே போயின? கல்பாக்கத்தில் 500 மெகாவாட் வேக ஈனுலை (ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை) இருக்கிறது, நம் விஞ்ஞானிகளின் பெருமைக்குரிய வேலை, அதில் எனக்கு மரியாதை உண்டு. 2004இல் கட்டத் தொடங்கி 2010இல் முடிப்பதாகத் திட்டம். உலையின் மையப் பகுதியை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில்.

நம் நாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ மூன்றாவது உலை 2005இல் தொடங்கி 2009இல் முடிய வேண்டியது, முறையான உற்பத்தி 2023 ஏப்ரலில். பிரான்ஸில் ஃப்ளமான்வில் 2007இல் தொடங்கி 2024 டிசம்பரில் இணைப்பு. அமெரிக்காவின் வோக்டில் உலைகள் இரண்டும் 1,400 கோடி டாலர் என்று ஆரம்பித்து 3,000 கோடி டாலருக்கு மேல் போய் 2023, 2024இல் முடிந்தன. மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஐக்கிய அரபு அமீரகம் பராக்காவில் ஒரே மாதிரி நான்கு உலைகளை 2012இல் தொடங்கி 2024க்குள் ஓட்டிவிட்டது. பிரான்ஸ் 1974க்குப் பிறகு ஒரே வடிவமைப்பைத் திரும்பத் திரும்பக் கட்டி, இரண்டே பத்தாண்டில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியை அணுவுக்கு மாற்றியது. ஒரே மாதிரியை, ஒரே ஆட்களை வைத்து, இடைவெளி விடாமல் கட்டினால் வேகம் வரும். நாம் அப்படிச் செய்யவில்லை. 2000க்குள் பத்தாயிரம் மெகாவாட் என்றோம், 2020க்குள் இருபதாயிரம் என்றோம், 2025இல் நாடு முழுக்கச் சேர்த்தும் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு, மொத்த மின்சாரத்தில் மூன்று சதவீதம் அளவில். இப்போது 2047க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எட்டினால் சந்தோஷப்படுகிற முதல் ஆட்களில் நானும் ஒருவன். ஆனால் உங்கள் தோப்பு 2047 வரை காத்திருக்காது.

இப்போது சோலார் பக்கம். ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையத்தை 2016இல் எட்டு மாதத்தில் எழுப்பினார்கள், 2,500 ஏக்கரில். விலை? 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் யூனிட் 1 ரூபாய் 99 காசுக்கு வந்தது, இப்போது இரண்டரை ரூபாய் அளவில் போகிறது. இங்கே அணுமின்சார ஆதரவாளர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்: ஆயிரம் மெகாவாட் சோலாரும் ஆயிரம் மெகாவாட் அணுவும் ஒன்றா? ஒன்றில்லை. சோலார் வருடத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான் தரும், அணு எண்பது சதவீதத்துக்கு மேல். அதனால் ஓர் ஆயிரம் மெகாவாட் அணு உலைக்கு ஈடாக நாலாயிரம் மெகாவாட் சோலார் வேண்டும். அதற்குச் செலவைப் போட்டுப் பார்க்கலாம். கூடங்குளம் 3, 4ஆம் அலகுகளுக்கு ஒப்புதல் கொடுத்தபோது போட்ட மதிப்பீடு 39,849 கோடி, அதாவது மெகாவாட்டுக்கு 20 கோடி அளவு. சோலாருக்கு மெகாவாட்டுக்கு நாலைந்து கோடி, நான்கால் பெருக்கினால் 16 முதல் 20 கோடி. கிட்டத்தட்ட சமம்! ஆனால் ஒன்று இரண்டு வருடத்தில் வரும், மற்றது 2017இல் கான்கிரீட் போட்டு எட்டு வருடம் தாண்டியும் வரவில்லை. அந்த எட்டு வருடமும் அந்த மின்சாரத்தை நிலக்கரியில்தான் எடுத்திருக்கிறோம். காற்றில் ஒருமுறை ஏறிய கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கும் என்பதால், 2040இல் வரப்போகும் சுத்தமான யூனிட்டை விட 2027இல் வரும் சுத்தமான யூனிட்டுக்கு மதிப்பு அதிகம்.

சோலாரில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ராத்திரிக்குச் சேமிக்க வேண்டும். பேட்டரி விலை இறங்கிக்கொண்டே வருகிறது, பிறகு தண்ணீரை மேலே ஏற்றி வைத்துச் சாயங்காலம் இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமும் உண்டு, கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் பல வருடமாக இருக்கிறது, நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட் கட்டுகிறார்கள். இவற்றுக்கும் காசு உண்டு, மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்த்தால் சோலாரின் செலவு ஏறும். நிலம் இன்னொரு பிரச்சினை: நாலாயிரம் மெகாவாட்டுக்குக் கமுதிக் கணக்கில் பதினையாயிரம் ஏக்கர். நம் பக்கத்தில் ராகியும் சாமையும் விளைகிற மானாவாரி நிலத்தைத் தரிசு என்று எழுதி வாங்கிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்மையிலேயே இருக்கிறது. கூரை, கால்வாய், ஓசூர் சிப்காட் மாதிரித் தொழிற்பேட்டைகளின் பெரிய ஷெட்டுகள், இவற்றை முதலில் நிரப்பிவிட்டு நிலத்தைத் தொட வேண்டும். உயர் அழுத்தக் கோபுரங்கள் வயலுக்குள் வந்தபோது மேற்கு மாவட்ட விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதையும் மறக்க வேண்டாம். எந்த மின்சாரமானாலும் யாரோ ஒருவரின் நிலத்தின் மேல்தான் வருகிறது.

அடுத்தது உங்கள் விடுதி நண்பன். அவன் சொல்வதை 'பயந்தாங்கொள்ளித்தனம்' என்று தள்ளாதீர்கள். கூடங்குளம் உலையை எதிர்த்துப் போராடிய பக்கத்துக் கடற்கரை ஊரான இடிந்தகரை மக்கள் கதிர்வீச்சைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. எங்கள் கடலில் சுடுதண்ணீர் விட்டால் மீன் என்னாகும், விபத்து நடந்தால் எங்களை எந்த வண்டியில் ஏற்றி எங்கே கொண்டுபோவீர்கள், கழிவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்கள். பதிலாக அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உலைக்கு அனுமதி தந்தபோதுகூட 15 நிபந்தனைகள் விதித்தது. கேள்வி அர்த்தமில்லாததாக இருந்தால் நிபந்தனைக்கு என்ன தேவை? 2019இல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்தது. முதலில் மறுத்தார்கள், மறுநாளே ஒப்புக்கொண்டார்கள். உலையை இயக்கும் கணினிகளுக்கு அதனால் பாதிப்பில்லை என்றார்கள். இருக்கலாம், ஆனால் முதல் வாய் மறுப்பாகவே வந்தால் இரண்டாவது வாயை எப்படி நம்புவது? தொழில்நுட்பத்தை நான் நம்புகிறேன். அதை நடத்துகிறவர்கள் கதவைத் திறந்து வைக்கவில்லை என்றால் பக்கத்து ஊர்க்காரன் நம்ப மாட்டான், நம்பவும் வேண்டியதில்லை.

கழிவு விஷயம் நமக்கும் எவ்வளவு பக்கம் என்று கிருஷ்ணகிரிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2012இல் கூடங்குளம் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, கழிவு எரிபொருளை ஆழத்தில் புதைக்கக் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கங்களைப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு நீதிமன்றத்தில் எழுந்தது. கோலார் மாவட்டமே கொதித்தெழுந்தது, அப்படி ஒரு திட்டமும் இல்லை என்று மத்திய அரசு பின்வாங்கியது. தங்கவயல் வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம், நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை செய்த சுரங்கம். இன்று வரை இந்தியாவில் உயர்நிலைக் கதிர்வீச்சுக் கழிவுக்கு நிரந்தரப் புதைகுழி ஒன்றுகூட இல்லை. பின்லாந்து ஒன்கலோ என்ற இடத்தில் நானூறு மீட்டருக்கும் ஆழத்தில் பாறையைக் குடைந்து தயார் செய்திருக்கிறது, அதுவும் அந்த ஊராட்சியின் சம்மதத்தோடு. அது முடியாத வேலை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அங்கே சம்மதம் கேட்டார்கள்.

கடைசியாக, நீங்கள் பின்குறிப்பில் கேட்டது: மேட்டூர் பழைய நிலக்கரி அலகுகள் வயதாகி நிற்கும்போது அதே இடத்தில் சிறிய அணு உலை வைத்தால் என்ன? லைனும் இருக்கிறது, நிலமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல யோசனை, 2025 மத்திய பட்ஜெட்டிலும் சிறிய உலைகளுக்கு 20,000 கோடி ஒதுக்கி 2033க்குள் ஐந்து உலைகள் என்று அறிவித்திருக்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். உலையைக் குளிர்விக்கத் தொடர்ந்து தண்ணீர் வேண்டும். கூடங்குளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் கடல் இருக்கிறது, மேட்டூருக்குக் காவிரி மட்டும். பிரான்ஸிலேயே 2022 கோடையில் ரோன், கரோன் ஆறுகள் சூடாகிவிட்டதால் உலைகளின் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. ஜூன் 12இல் அணை திறப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு வருடமும் டெல்டா முழுக்க வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆற்றில் இதைச் செய்வது சரியில்லை. சின்னக் கசிவு, வெறும் வதந்தி போதும், மேட்டூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ஒருவரும் அந்தத் தண்ணீரை நிம்மதியாகக் குடிக்க மாட்டார்கள். அந்த அலகுகள் ஓய்வு பெறும்போது அந்த இடத்தில் பேட்டரியை வைக்கட்டும். லைன் இருக்கிறது, ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, பகலில் தெற்கிலிருந்து வரும் சோலாரை வாங்கி வைத்துச் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தப் பக்கம் தள்ளலாம். ஆயிரம் மெகாவாட்டை நான்கு மணி நேரம் கொடுக்கிற அளவு பேட்டரியைக் கட்ட இரண்டு வருடம் போதும், அதற்கு ஆற்றுத் தண்ணீரும் தேவைப்படாது.